குடலுக்குப் பட்டினி காவலாகுமா?

நீலசந்திராவில் எங்கள் தெருவில் வாழும் ஓர் அன்னையார் தம் மகனுக்குக் குடலில் அறுவைச் சிகிச்சை நடந்தபோது பட்ட பாட்டை அருகிருந்து கண்டவன் நான். மகன் கட்டட வேலை செய்பவர். வயிற்று வலியைப் பொறுத்துக்கொண்டு மூன்று நாள் வேலைக்குப் போனார். ஒரு நாள் கூலியை இழந்தால் அந்த மாத வாடகைக்குக் குறைவு வரும் குடும்பம் அது. நான்காம் நாள் வாந்தி நிற்கவில்லை. வயிறு உப்பிக் கல்லைப்போல் ஆயிற்று. மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். குடல் அடைத்துக்கொண்டிருக்கிறது என்று கூறி அன்றிரவே அறுவை செய்தார்கள். பிள்ளை உயிர் பிழைத்தார்.

மறுநாள் செவிலியர் வந்து அவரைக் கைத்தாங்கலாக எழுப்பிக் கட்டிலின் ஓரத்தில் உட்கார வைத்தார். மாலையில் நான்கு அடி நடக்கச் சொன்னார். அதற்கு அடுத்த நாள், முதலில் சிறிது நீரும் பிறகு நீர்த்த கஞ்சியும் கொடுக்கலாம் என்று மருத்துவர் சொல்லிச் சென்றார். அந்தத் தாய்க்கு நெஞ்சு பதறிற்று. “வயிற்றைக் கிழித்துத் தைத்த பிள்ளைக்கு இரண்டாம் நாளே கஞ்சியா, தம்பி? தையல் பிரிந்துவிடாதா? இவர்கள் கன்னடத்தில் என்ன சொல்கிறார்கள் என்றும் எனக்கு விளங்கவில்லையே!” என்று என் கையைப் பற்றிக்கொண்டு அழுதார். கஞ்சி வந்தது. செவிலியர் அப்பால் சென்றதும் அதைத் தொட்டியில் ஊற்றிவிட்டு, பிள்ளை குடித்துவிட்டதாகத் தலையசைத்தார். இவ்வாறு ஒன்றரை நாள் கழிந்தது.

அவர் செய்தது பிழை. ஆயினும் அன்பினால் செய்த பிழை. நம் குடும்பங்களில் எத்தனையோ பேர் இதையே செய்கிறார்கள். ஆகவே அந்த அச்சம் எங்கிருந்து வந்தது, இன்றைய ஆராய்ச்சி அதைப் பற்றி என்ன சொல்கிறது என்பதைச் சங்கத்து அன்பர்களுக்கு எடுத்துச் சொல்ல விரும்புகிறேன்.

பழைய நம்பிக்கை

‘லங்கணம் பரம ஔஷதம்’ என்னும் மொழி நம் வீடுகளில் நெடுங்காலமாக வழங்கி வருகிறது. பட்டினியே சிறந்த மருந்து என்பது அதன் பொருள். அஜீரணத்திற்கு ஒருவேளை உணவை விடுவது நல்லதே. அதை மறுப்பார் இல்லை. ஆனால் ஒருவேளைக்குச் சொன்ன உரையை நாம் எல்லா வேளைக்கும் சொன்னதாகக் கொண்டுவிட்டோம். குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றால் பாலையும் நீரையும் நிறுத்துகிறோம். அறுவை நடந்தது என்றால் பத்து நாள் பத்தியம் என்கிறோம். குடலை வெறுமையாக வைத்தால் அது ஓய்வெடுத்துத் தேறும் என்பது நம் எண்ணம்.

இவ்வெண்ணம் பாமரருக்கு மட்டும் உரியது அன்று. மேனாட்டு மருத்துவர்களும் நெடுநாள் இவ்வாறே எண்ணினார்கள். வயிற்றைத் திறந்து அறுவை செய்தபின் குடல் சில நாள் அசைவு குன்றிக் கிடக்கும். சிறுகுடல் ஒரு நாளுக்குள் அசையத் தொடங்கும். இரைப்பைக்கு ஓரிரு நாள் ஆகும். பெருங்குடலுக்கு இரண்டு மூன்று நாள் ஆகும். வாயு பிரிந்து, மருத்துவர் காதில் குடலின் ஒலி கேட்கும்வரை வாய்வழியாக ஒன்றும் கொடுக்கலாகாது என்பதே பழைய விதி. உணவு இறங்கினால் வாந்தி வரும், குடலை இணைத்துத் தைத்த இடம் விட்டுப்போகும் என்று அவர்கள் அஞ்சினார்கள். அன்னையாரின் அச்சமும் அதுவேயன்றோ?

இந்த விதியில் ஒரு குறை இருந்தது. நாம் ஒன்றும் உண்ணாவிட்டாலும் குடல் காய்ந்து கிடப்பதில்லை. உமிழ்நீர், இரைப்பை நீர், பித்தநீர், கணைய நீர், குடலின் சொந்த நீர் என்று நாள்தோறும் ஏறத்தாழ 7 லிட்டர் நீர் உடலிலிருந்தே குடலுக்குள் சுரக்கிறது. அதில் பெரும்பகுதியைக் குடலே திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. தைத்த இடத்தின் வழியாக இவ்வளவு நீர் எப்படியும் சென்றுகொண்டிருக்கும்போது, இரண்டு கரண்டிக் கஞ்சியைத் தடுத்துப் பெறும் காப்பு என்ன?

முதலில் மாறியது வயிற்றுப்போக்கின் வைத்தியம்

பட்டினி விதி முதன்முதலில் ஆட்டங் கண்டது அறுவைக் கூடத்தில் அன்று. காலரா நோயாளிகளின் படுக்கையருகே. 1960இல் ராபர்ட் கிரேன் என்னும் அறிஞர், சிறுகுடலின் சுவர் சர்க்கரையை உள்ளே இழுக்கும்போது உப்பையும் உடன் இழுக்கிறது என்ற கருத்தைப் பிராக் நகரில் வெளியிட்டார். உப்பு சென்ற வழியே நீரும் செல்லும். கடும் வயிற்றுப்போக்கிலும் இந்த வாயில் அடைபடுவதில்லை. எனவே சர்க்கரையும் உப்பும் தக்க அளவில் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்தால், வெளியே போகும் நீருக்கு ஈடாக உள்ளே நீர் சேரும்.

இந்த உண்மைக்குப் பெருஞ்சோதனை 1971இல் வந்தது. கிழக்கு வங்காளத்தில் போர் மூண்டு இலட்சக்கணக்கானோர் எல்லை கடந்து மேற்கு வங்காளத்துக்கு வந்தனர். பன்காவ் என்னும் ஊரில் காலரா பரவிற்று. நரம்பின் வழியே ஏற்றும் நீர் போதவில்லை. டாக்டர் திலீப் மகாலநபிஸ் என்பவர் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைத் தயாரித்துத் தாய்மாரிடமும் உறவினரிடமும் கொடுத்து, நோயாளிகளுக்கு ஊட்டச் சொன்னார். அதற்குமுன் நூற்றுக்கு முப்பது பேர்வரை இறந்துகொண்டிருந்த இடத்தில், அவரிடம் வந்தவர்களுள் இறந்தோர் நூற்றுக்கு நான்கு பேருக்கும் குறைவு. மருந்தைக் கொடுத்த கைகள் பெரும்பாலும் குடும்பத்தாருடையவை என்பதை அன்பர்கள் கருத்தில் கொள்ள வேண்டும். மகாலநபிஸ் 2022இல் மறைந்தார். 2023இல் அவருக்குப் பத்ம விபூஷண் விருது அறிவிக்கப்பட்டது.

இன்று மருந்துக் கடைகளில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் அதன் வழிவந்ததே. உலகச் சுகாதார நிறுவனமும் யூனிசெபும் 2002 முதல் பரிந்துரைக்கும் அளவு இது: ஒரு லிட்டர் நீருக்குக் குளுகோசு 13.5 கிராம், சமையலுப்பு 2.6 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், சிட்ரேட்டு உப்பு 2.9 கிராம். பொட்டலம் கிடைக்காத வேளையில், காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் நீரில் சர்க்கரை ஆறு தேக்கரண்டியும் உப்பு அரைத் தேக்கரண்டியும், தலை தட்டிய அளவாக, கலந்து கொடுக்கலாம். உப்பு மிகுதியாகக் கூடாது. தாய்ப்பாலையும் வழக்கமான உணவையும் நிறுத்தவும் கூடாது.

வேலூரில் நடந்த ஆய்வு

நம் நாட்டாருக்குப் பெருமை தரும் அடுத்த செய்தி வேலூரிலிருந்து வந்தது. ஐடா ஸ்கடர் அம்மையார் 1900இல் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை நீலசந்திராவில் அறியாதார் இல்லை. பெங்களூரில் தீராத நோய் என்றால் காட்பாடிக்கு இரயில் ஏறுவது நம்மவர் வழக்கம். அங்கே பி.எஸ். ராமகிருஷ்ணா என்னும் குடல்நோய் மருத்துவரும் உடன் உழைத்தவர்களும் ஒரு கேள்வி எழுப்பினார்கள். உப்புச் சர்க்கரை நீர் உயிரைக் காக்கிறது. ஆனால் பேதி விரைவில் நிற்பதில்லையே, அதற்கு வழி என்ன?

அவர்கள் பெருங்குடலை நினைத்தார்கள். சிறுகுடலில் செரிக்காத ஒருவகை மாவுச்சத்து பெருங்குடலை அடையும்போது, அங்கே வாழும் நுண்ணுயிர்கள் அதைப் புளிக்கச் செய்து சிறு கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன. அவ்வமிலங்கள் பெருங்குடலின் சுவர் உப்பையும் நீரையும் உறிஞ்சத் துணைசெய்கின்றன. ஆகவே காலரா கண்ட 48 பேரை மூன்று குழுவாக்கினார்கள். ஒரு குழுவுக்கு வழக்கமான நீர். ஒரு குழுவுக்கு அதனோடு லிட்டருக்கு 50 கிராம் அரிசிமாவு. மூன்றாம் குழுவுக்கு எளிதில் செரிக்காத சோளமாவு 50 கிராம். யாருக்கு எது என்பதை மருத்துவர் தம் விருப்பப்படி முடிவு செய்யவில்லை. சீட்டுக் குலுக்குவதைப்போல் முடிவு செய்தார்கள். நோய் குறைந்தவர்களை ஒரு பக்கமும் மிகுந்தவர்களை மறுபக்கமும் சேர்த்துவிட்டால் முடிவு பொய்யாகும் அல்லவா? அதைத் தவிர்ப்பதற்கே இம்முறை.

முடிவு 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவின் புகழ்பெற்ற மருத்துவ இதழில் வெளிவந்தது. வழக்கமான நீர் குடித்தவர்களுக்குப் பேதி சராசரி 91 மணி நேரம் நீடித்தது. அரிசிமாவு சேர்ந்தவர்களுக்கு 71 மணி. செரிக்காத மாவு பெற்றவர்களுக்கு 57 மணி. குடலுக்கு உணவு கொடுத்ததனால் நோய் வளரவில்லை, குறைந்தது. ‘வெறுங்குடலே காப்பு’ என்ற கொள்கைக்கு நம் வட ஆர்க்காட்டு மண்ணிலிருந்து சென்ற மறுமொழி இது.

இங்கே பழைய சோற்றை நினைப்பீர்கள். சோறு ஆறும்போது அதிலும் இவ்வகை மாவுச்சத்துச் சிறிதளவு உண்டாகிறது. நீரூற்றி வைத்த இரவில் நல்ல நுண்ணுயிர்களும் பெருகுகின்றன. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியின் குடல் அறுவை மருத்துவர்கள் குடல் நோயாளிகளிடம் பழைய சோற்றைப் பற்றிய ஆய்வை மேற்கொண்டதும் இதனால்தான். நல்ல நீரில், தூய பாத்திரத்தில் வைத்த பழைய சோறு நல்லுணவே. ஆனால் அதை நம்பி, குடல் புண்ணுக்கு மருத்துவர் கொடுத்த மாத்திரையை நிறுத்துவது பெருந்தீங்கு.

அறுவைக்குப் பின் கஞ்சி

வயிற்றுப்போக்கில் மாறிய விதி, பிறகு அறுவைக் கூடத்திலும் மாறிற்று. 1990களில் டென்மார்க்கு நாட்டு அறுவை மருத்துவர் ஹென்ரிக் கேலெட் ஒரு புதுமுறையைக் கண்டார். வலியை நன்கு அடக்குவது, அறுவைக்குப் பின் விரைவில் உண்ணக் கொடுப்பது, விரைவில் நடக்கச் செய்வது ஆகிய மூன்றையும் ஒன்றாகச் சேர்த்தார். பெருங்குடலின் பகுதியை நீக்கிய 60 பேரிடம் இம்முறையைக் கையாண்டு, அவர்களுள் பாதிப்பேருக்கு மேல் இரண்டே நாளில் வீடு திரும்பினர் என்று 2000ஆம் ஆண்டில் அவர் குழுவினர் எழுதியபோது மருத்துவ உலகம் வியந்தது. அக்காலத்தில் ஒரு வாரத்துக்கு மேல் தங்குவதே வழக்கம்.

2001இல் ஆங்கில மருத்துவ இதழ் ஒன்றில், 837 நோயாளிகளைக் கொண்ட 11 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். அறுவைக்குப் பின் விரைவில் உணவு பெற்றவர்களுக்குத் தொற்று நோய்கள் குறைந்தன. மருத்துவமனையில் தங்கும் நாளும் குறைந்தது. பட்டினி கிடந்தவர்களுக்கு ஒரு நன்மையும் தெரியவில்லை. அதே ஆய்வு மற்றோர் உண்மையையும் மறைக்கவில்லை. விரைவில் உண்டவர்களுக்கு வாந்தி சற்று மிகுந்தது. ஆகவே ‘எல்லார்க்கும் உடனே சோறு’ என்பது விதி அன்று. சிறிது சிறிதாக, நோயாளி ஏற்கும் அளவில், மருத்துவர் குறித்த நேரத்தில் என்பதே விதி. சில அறுவைகளில் மருத்துவர் காரணத்தோடு உணவை நிறுத்தி வைப்பார். அப்போது ஒளித்து ஊட்டுவதும், கொடுக்கச் சொன்னபோது ஒளித்து ஊற்றுவதும் ஒரே பிழையின் இரு முகங்கள்.

நடையும் மூச்சும்

நடப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெட்டிய வயிற்றோடு படுத்தே கிடப்பவர் வலிக்கு அஞ்சி ஆழ்ந்து மூச்சு விடுவதில்லை. நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கிச் சளி தேங்கி நிமோனியா வரும். காலில் குருதி உறைந்து கட்டியாகும் அபாயமும் உண்டு. எழுந்து உட்காருவதும் நடப்பதும் இவற்றைத் தடுக்கும் வழிகள்.

ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் வயிற்று அறுவைக்கு வந்த 441 பேரிடம் ஓர் ஆய்வு நடந்து 2018இல் வெளிவந்தது. ஒரு பகுதியினருக்கு அறுவைக்கு முன்பே, அரை மணி நேரம், ஆழ்ந்து மூச்சிழுக்கும் பயிற்சியை ஒருவர் நேரில் கற்றுக்கொடுத்தார். மற்றவர்களுக்கு அச்சிட்ட தாளை மட்டும் கொடுத்தார்கள். தாள் மட்டும் பெற்றவர்களுள் நூற்றுக்கு 27 பேருக்கு நுரையீரல் தொல்லை வந்தது. நேரில் கற்றவர்களுள் 12 பேருக்கே வந்தது. விலையில்லாத அரை மணி நேரம் செய்த வேலை இது! தாளில் உள்ளதைப் படிக்கத் தெரியாத, அல்லது கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் உள்ளதை அறிய இயலாத நம் முதியவர்களுக்கு நேரில், தாய்மொழியில் சொல்வது எவ்வளவு இன்றியமையாதது என்று எண்ணிப் பாருங்கள்.

வீடு திரும்பிய பின்

‘அறுவை நன்றாக முடிந்தது’ என்ற சொல்லைக் கேட்டதும் நாம் பெருமூச்சு விடுகிறோம். மேசையில்தான் அபாயம் என்பது நம் எண்ணம். உண்மை வேறு. 14 நாடுகளில் 28 மருத்துவமனைகள் சேர்ந்து, இதய அறுவை அல்லாத பிற அறுவை செய்துகொண்ட, 45 வயதுக்குக் குறையாத 40,004 பேரை முப்பது நாள் கவனித்தன. நீலசந்திராவுக்கு அணித்தே, கோரமங்கலத்தில் உள்ள செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியும் அவற்றுள் ஒன்று. அந்த ஆய்வு 2019இல் வெளியாயிற்று. முப்பது நாளுக்குள் இறந்தவர் 715 பேர். அவர்களுள் அறுவை மேசையில் இறந்தவர் ஐவர் மட்டுமே. மருத்துவமனைப் படுக்கையில் 500 பேர். வீடு திரும்பிய பின் 210 பேர். குருதிப்போக்கு, இதயத் தசைக்கு நேர்ந்த கேடு, குருதியில் பரவிய தொற்று ஆகிய மூன்றுமே பெருங்காரணங்கள்.

இறந்தவர்களுள் பத்தில் மூவர் வீடு திரும்பிய பின் இறந்தார்கள் என்றால், காவல் வீட்டிலும் வேண்டும் என்பது பொருள். காய்ச்சல், தையலில் சிவப்போ சீழோ, நிற்காத வாந்தி, வயிறு உப்பி வாயு பிரியாமை, மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, ஒரு காலில் மட்டும் வீக்கம், கரிய மலம் இவற்றுள் ஒன்று கண்டாலும் ‘நாளை பார்க்கலாம்’ என்று இருக்கலாகாது. நள்ளிரவாயினும் புறப்பட வேண்டும். வேலைக்குத் திரும்ப அவசரப்படுவதும் கூடாது. மூட்டை தூக்குதல், கல் சுமத்தல் ஆகியவற்றை மருத்துவர் குறித்த காலம்வரை விலக்க வேண்டும். ஆறாத வயிற்றுச் சுவர் விலகினால் குடல் பிதுங்கி மற்றோர் அறுவைக்கு வழியாகும்.

விலை உயர்ந்ததே மேலானதா?

வயிற்று அறுவைக்குப் பின் வரும் பொதுவான தொல்லை தையலில் சீழ் பிடிப்பது. இந்தியா உட்பட ஏழு நாடுகளில், 54 மருத்துவமனைகளில், 5,788 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு ஒன்று 2021இல் வெளிவந்தது. தோலைத் துடைக்க விலை உயர்ந்த மருந்தையும், மருந்து பூசிய தையல் நூலையும் பயன்படுத்தினால் சீழ் குறையுமா என்று பார்த்தார்கள். குறையவில்லை. பழைய அயோடின் மருந்தும் சாதாரண நூலும் அவற்றுக்குத் தாழவில்லை.

அதே ஏழு நாடுகளில், 81 மருத்துவமனைகளில், 13,301 நோயாளிகளிடம் நடந்த மற்றோர் ஆய்வு 2022இல் வெளியாயிற்று. வயிற்றை மூடித் தைப்பதற்குச் சற்றுமுன் மருத்துவர் கையுறைகளையும் கருவிகளையும் புதிதாக மாற்றிக்கொண்டார்கள், அவ்வளவே. நூற்றுக்கு 18.9 ஆக இருந்த சீழ்த் தொல்லை 16 ஆகக் குறைந்தது. நூறு பேரில் மூவர் என்பது சிறிதாகத் தோன்றும். அம்மூவருள் ஒருவர் தினக்கூலியால் குடும்பம் நடத்துபவர் என்று எண்ணினால் அதன் அருமை விளங்கும். எளிய செயல் பயன் தந்தது. விலை உயர்ந்தது தரவில்லை. ஏழைகளுக்கு ஆராய்ச்சி எதற்கு என்று கேட்போர்க்கு இவ்விரண்டும் மறுமொழி.

ஆராய்ச்சி தன்னையும் திருத்திக்கொள்ளும்

ஆராய்ச்சி என்றதும் அதை வேதவாக்காகக் கொள்ளவும் வேண்டா. 2002இல் ஜப்பானியர் சிலர், பெருங்குடல் அறுவைக்குப் பின் சூயிங்கம் மென்றவர்களுக்கு வாயு விரைவில் பிரிந்தது என்று எழுதினார்கள். அவர்கள் ஆராய்ந்தது 19 பேரையே. உலகெங்கும் மருத்துவர்கள் ஆவலோடு பின்பற்றினார்கள். பிறகு நெதர்லாந்தில் 2,000 பேரைக் கொண்டு பெரிய ஆய்வு நடத்தி, மென்றாலும் மெல்லாவிட்டாலும் மருத்துவமனையில் தங்கும் நாளில் வேறுபாடு இல்லை என்று 2018இல் அறிவித்தார்கள். பத்தொன்பது பேர் சொன்னதை இரண்டாயிரம் பேர் திருத்தினார்கள். தெருவில் ஒருவர் ‘எனக்கு இது குணமாக்கியது’ என்று சொல்வதை நாம் எந்த அளவில் ஏற்க வேண்டும் என்பதற்கு இதுவே பாடம்.

சில வேளைகளில் ஆராய்ச்சி கட்டளையிடுவதில்லை. இரண்டு வழிகளைக் காட்டி நம்மையே தேரச் சொல்கிறது. குடல்வால் அழற்சி அத்தகையது. அறுத்து நீக்குவதே ஒரே வழி என்று நூறாண்டுக்கு மேல் கருதினார்கள். சிக்கல் இல்லாத நிலையில் மருந்தாலேயே ஆற்றலாம் என்று பின்லாந்தில் 530 பேரிடமும், அமெரிக்காவில் 1,552 பேரிடமும் நடந்த ஆய்வுகள் காட்டின. ஆனால் மருந்து பெற்றவர்களுள் பத்தில் மூவருக்குத் தொண்ணூறு நாளுக்குள்ளேயே அறுவை தேவைப்பட்டது என்று அமெரிக்க ஆய்வு கூறிற்று. பின்லாந்து ஆய்வில் ஐந்தாண்டுக்குள் நூற்றுக்கு 39 பேருக்கு நோய் திரும்பிற்று. குடல்வாலில் கல் இருந்தால் மருந்து தோற்கும் வாய்ப்பு இன்னும் மிகுதி. நகரில் மருத்துவமனைக்கு அருகே இருப்பவர் மருந்தை முயன்று பார்க்கலாம். நாளை தொலைவான வேலையிடத்துக்குப் போகவேண்டியவர் அறுவையை விரும்பலாம். இதை மருத்துவரிடம் கேட்டுத் தெளிந்து முடிவு செய்வது நோயாளியின் உரிமை.

நாம் செய்ய வேண்டியது

கேட்பதற்கு மொழி வேண்டும். நீலசந்திராவில் நம்முடைய இளைஞர்கள் கன்னடமும் ஆங்கிலமும் நன்கு அறிவார்கள். ஊரிலிருந்து வந்த பெற்றோர் அறியார். மருத்துவமனைக்குப் போகும் முதியவரோடு, அத்தெருவில் உள்ள படித்த பிள்ளை ஒருவர் மருத்துவர் வரும் வேளையில் உடன் நின்றால் போதும். எத்தனையோ பிழைகள் நேராது. எப்போது உண்ணலாம், என்ன உண்ணலாம், எப்போது நடக்க வேண்டும், மூச்சுப் பயிற்சி எப்படி, என்ன கண்டால் திரும்பி வர வேண்டும் ஆகிய ஐந்து கேள்விகளையும் கேட்டுத் தமிழில் எழுதிக் கட்டிலருகே வைக்கலாம். நம் சங்கத்தார் இதை ஒரு தொண்டாக ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

அந்த அன்னையாரின் கதையை முடிக்கவில்லையே! இரண்டாம் நாள் மாலை நான் சென்றபோது, நடந்ததை அவரே என்னிடம் சொல்லி அழுதார். நான் மருத்துவரிடம் உண்மையைக் கூறினேன். அவர் சினக்கவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, நான் மொழிபெயர்க்க, எல்லாவற்றையும் பொறுமையாக விளக்கினார். “குடல் உங்கள் கையால் கஞ்சி குடித்தால் விரைவில் விழித்துக்கொள்ளும், அம்மா” என்று அவர் சொன்னதை நான் தமிழில் சொன்னபோது, அவர் முகம் தெளிந்தது. கஞ்சியை மீண்டும் வாங்கி, ஆற்றி, ஒரு கரண்டி ஊட்டினார். சற்றுப் பொறுத்து மற்றொரு கரண்டி. பிள்ளை ஏற்றுக்கொண்டார்.

அவரிடம் அன்பு முன்பும் இருந்தது, பின்பும் இருந்தது. இடையில் சேர்ந்தது அறிவு ஒன்றே. ஒன்பதாம் நாள் மகன் வீட்டுக்கு நடந்து வந்தார். மருத்துவர் குறித்த காலம்வரை கல் சுமக்கவில்லை. இன்று அத்தெருவில் யாருக்கேனும் அறுவை என்றால் முதலில் துணைக்குச் செல்பவர் அந்த அன்னையாரே. சென்றதும், “மருத்துவர் எப்போது கஞ்சி கொடுக்கச் சொன்னார்?” என்றுதான் முதலில் கேட்கிறார்.